எந்தக் கோதுமை வண்டுக்குத் தாங்கும்? பாட்டிலில் சோதித்துப் பார்க்கும் முறை

மாவு மில் வைத்திருக்கும் என் அக்காவின் கணவர் ஏப்ரல் பிறந்தால் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்: "எந்த ரகம் வாங்குனா வண்டு வராது மாப்ள?" வடக்கே அறுவடை முடிந்து புதுக் கோதுமை வந்து இறங்கும் நேரம் அது. என் பதிலும் மாறுவதில்லை. வண்டே வராத கோதுமை கிடையாது மச்சான், வண்டு மெதுவாகப் பெருகும் கோதுமைதான் உண்டு.

"மெதுவாக" என்றால் அதில் என்ன பெரிய லாபம் என்று தோன்றலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மூட்டையிலும் பத்துப் பத்து வண்டுகள், மாதம் ஒரு தலைமுறை. ஒன்றில் தலைமுறைக்கு 10 மடங்கும் மற்றதில் 5 மடங்கும் பெருகுகின்றன என்று வைத்துக்கொள்வோம். நான்கு மாதம் கழித்து முதல் மூட்டையில் 1 லட்சம் வண்டு, இரண்டாவதில் 6,250. பெருக்கம் பாதியாகத்தான் குறைந்தது, ஆனால் வண்டு பதினாறில் ஒரு பங்காகிவிட்டது. எண்கள் கணக்குக்காக எடுத்தவைதான். ஆனால் ரகத்தின் எதிர்ப்புத்திறன் வேலை செய்வது இப்படித்தான்.

ஒரு ரகத்தைப் பற்றிய குறிப்பை எடுத்துப் படித்தால் மகசூல் எவ்வளவு, துரு நோயைத் தாங்குமா, சப்பாத்தி எப்படி வரும் என்றெல்லாம் இருக்கும். மூட்டைக்குள் ஆறு மாதம் கிடந்தால் என்ன ஆகும் என்பது பெரும்பாலும் இருக்காது. அதனால் நாமே சோதிப்பதுதான் வழி. பெரிய ஆய்வகம் தேவையில்லை. கண்ணாடி பாட்டில்கள், ஒரு நல்ல தராசு, சல்லடை, ஒரு ஃப்ரீசர், இரண்டு மாதப் பொறுமை இருந்தால் போதும். இளங்கலை வேளாண்மை படிப்பவர்கள், சிறிய மில்காரர்கள், விதை சேமிக்கும் குழுக்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில், எந்த வண்டு?

"இந்த ரகம் வண்டுக்குத் தாங்கும்" என்று யாராவது சொன்னால் உடனே "எந்த வண்டுக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள். ஒரு வண்டுக்குத் தாங்கும் கோதுமை இன்னொன்றிடம் தோற்றுப்போவது சாதாரணம். காரணம், ஒவ்வொன்றும் மணிக்குள் நுழையும் விதம் வேறு.

கூன் வண்டுக்கு யானைத் துதிக்கை மாதிரி நீண்ட மூக்கு. இறக்கையில் மங்கலாக நான்கு செம்புள்ளிகள். பெண் வண்டு அந்த மூக்கால் மணியில் குழி தோண்டி, ஒரு முட்டை இட்டு, பசை போன்ற ஒன்றால் மூடிவிடும். புழுவும் கூட்டுப்புழுவும் மணிக்குள்ளேயே இருந்து வளரும். வெளியே வருவது வளர்ந்த வண்டுதான். மணி கடினமாக இருந்தால் குழி தோண்டவே அதற்குப் பாடு. மணி சிறுத்திருந்தால் உள்ளே புழு வளர இடமும் தீனியும் குறைவு. அதனால் கூன் வண்டைப் பொறுத்தவரை கடினமும் சிறுமணியும் பெரும்பாலும் நமக்குச் சாதகம்.

துளைப்பான் வண்டு 3 மில்லிமீட்டர் நீளம், உருளை வடிவம், தலை கழுத்துக்கடியில் குனிந்திருக்கும். மேலேயிருந்து பார்த்தால் தலையே தெரியாது. இது முட்டையை மணிக்குள் வைப்பதில்லை, மணிகளுக்கிடையில் வெளியே இடும். பொரிந்து வரும் குட்டிப் புழு தானே வழி தேடி உள்ளே போகும். தோலில் கீறலோ வெடிப்போ இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். வளர்ந்த வண்டும் தின்னும், புழுவும் தின்னும், தின்பதைவிட மாவாக்கிக் கொட்டுவது அதிகம். மூட்டையைத் திறந்ததும் ஒரு மாதிரி இனித்த, புழுங்கிய வாடை வந்தால் இதுவாகத்தான் இருக்கும்.

கப்ரா வண்டு இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்தது. பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் போன்ற வெப்பமும் வறட்சியும் உள்ள பகுதிகளில் கோதுமைக்கு இதுதான் பெரிய எதிரி. வளர்ந்த வண்டு அநேகமாக எதையும் தின்னாது. சேதம் முழுக்க மயிர் அடர்ந்த புழுவால்தான். அதுவும் முதலில் முளைப்பகுதியைத்தான் குறிவைக்கும், விதைக்கு வைத்த கோதுமை என்றால் அத்தோடு முடிந்தது. தீனி கிடைக்காவிட்டால் சுவர் இடுக்கில் போய் முடங்கி ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை வளர்க்கவே வேண்டாம். பல நாடுகள் இதைத் தடுப்புப் பட்டியலில் வைத்திருக்கின்றன. தப்பித்தால் ஒழிப்பது கடினம். புழுவின் மயிர் சிலருக்கு ஒவ்வாமையையும் உண்டாக்கும்.

சிவப்பு மாவு வண்டை இந்தச் சோதனையில் சேர்க்கத் தேவையில்லை. அதற்கு உடைந்த மணியும் தூசியும் வேண்டும், முழு மணியை அதனால் அவ்வளவாக ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் மூட்டையில் அது நிறைய இருந்தால் ரகத்தை மாற்றிப் பயனில்லை, புடைத்துச் சுத்தம் செய்வதைத்தான் கவனிக்க வேண்டும்.

முதல் சோதனைக்குக் கூன் வண்டை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ப்பதும் எண்ணுவதும் எளிது. இரண்டாவது முறை துளைப்பானுக்குப் போகலாம்.

கோதுமை சேகரிப்பது

நான்கு முதல் ஆறு ரகம் போதும். ரகத்துக்கு 1 கிலோ. பெயர் உறுதியாகத் தெரிந்த கோதுமையாக இருக்க வேண்டும். ஹெச்டி 2967, சி 306, லோக் 1 என்று விவசாயியிடமோ விதைப் பண்ணையிலோ கேட்டு வாங்குங்கள். "சர்பதி" என்பது கடையில் ஒரு தரப்பெயராகவே புழங்குகிறது. உள்ளே எந்த ரகம் என்று மூட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ரவை, சேமியாவுக்குப் போகும் டூரம் கோதுமை ஒன்றையும் சேர்த்தால் கடினத்தின் விளைவைக் கண்ணால் பார்க்கலாம்.

நம் ஊர் சம்பா கோதுமையும் கட்டாயம் இருக்கட்டும். வடக்கே இதைக் கப்லி என்பார்கள். இதில் ஒரு விசேஷம்: அடித்தாலும் உமி மணியை விட்டுப் பிரியாது. உமியோடு இருக்கும்வரை அது மணிக்கு இயற்கையான கவசம், வண்டு முதலில் அதைத் தாண்ட வேண்டும். கடையில் கிடைப்பது உமி நீக்கியது. நீக்கும்போது தோலும் கீறுப்படும். எனவே உமியோடு ஒரு பங்கு, உமி நீக்கி ஒரு பங்கு என இரண்டையும் சோதியுங்கள். ஒரே கோதுமை இரண்டு விதமாக நடந்துகொள்வதைப் பார்ப்பது இந்தச் சோதனையில் எனக்குப் பிடித்த இடம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை: எல்லாம் ஒரே பருவத்தில் அறுவடையானதாக இருக்கட்டும். மருந்து கலந்த விதை வேண்டாம், வண்டு மருந்தால் செத்துவிடும், நாம் ரகத்தைப் பாராட்டிக்கொண்டிருப்போம். குஜராத், மகாராஷ்டிரப் பக்கம் வீட்டுக் கோதுமையில் விளக்கெண்ணெய் தடவி வைக்கும் பழக்கம் உண்டு. அப்படிப் பளபளப்பாக வந்த கோதுமையும் ஆகாது. பிறகு உடைசல், கல், சுருங்கிய மணி எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

மறைந்திருக்கும் வண்டைக் கொல்வது

வெளியே ஒன்றும் தெரியாத கோதுமைக்குள் முட்டையும் புழுவும் இருக்கலாம். அதை விட்டுவிட்டுத் தொடங்கினால் பிறகு வெளிவரும் வண்டு நாம் விட்டதன் பிள்ளையா, ஏற்கெனவே குடியிருந்ததன் பிள்ளையா என்று தெரியாது. ஒவ்வொரு ரகத்தையும் தடித்த பாலித்தீன் பையில் கட்டி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த மணிமேல் நீர் கோத்துவிடும். அடுப்பிலோ வெயிலிலோ சூடாக்கிக் கொல்லலாமா என்றால், வேண்டாம். ஈரப்பதம் மாறும், மணியும் வெடிக்கும்.

ஈரப்பதத்தைச் சமமாக்குவது

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். 10 சதவீத ஈரத்தில் ஒரு ரகமும் 13 சதவீத ஈரத்தில் இன்னொரு ரகமும் இருந்தால் நீங்கள் சோதிப்பது ரகத்தை அல்ல, ஈரத்தை. ஈரம் கூடினால் மணி மென்மையாகி வண்டுக்கு வேலை சுலபமாகும். இந்திய உணவுக் கழகம் கோதுமை கொள்முதலில் 12 சதவீதம் வரை முழு விலை கொடுத்து, அதற்கு மேல் 14 வரை விலையைக் குறைத்து, 14-ஐத் தாண்டினால் திருப்பி அனுப்புவதும் சும்மா இல்லை.

சுலபமான வழி: எல்லா ரகத்தையும் மெல்லிய துணிப் பைகளில் போட்டு, ஒரே அலமாரியில், ஒரே தட்டில் மூன்று வாரம் வைத்துவிடுங்கள். அந்த அறையின் காற்றுக்கு எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவுக்கு வந்துவிடும். இன்னும் கச்சிதமாக வேண்டுமென்றால், மூடி இறுக்கமாக உள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு கிண்ணம் உப்பைத் தண்ணீர் விட்டுச் சேறு போலக் குழைத்து வைத்து, மேலே கம்பித் தட்டில் கோதுமைப் பைகளை வையுங்கள். சமையல் உப்பின் நிறைவுற்ற கரைசல் டப்பாவுக்குள் காற்றின் ஈரப்பதத்தை 75 சதவீதத்தில் நிறுத்தும். பூசணம் தலைகாட்டுகிறதா என்று மட்டும் வாரம் ஒருமுறை பாருங்கள். தானிய மண்டியில் யாரிடமாவது ஈரமானி இருந்தால் கடைசியில் ஒருமுறை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டு வளர்ப்பது

காத்திருக்கும் இந்த மூன்று வாரத்துக்கு முன்பே வளர்ப்பைத் தொடங்கிவிட வேண்டும். சோதனையில் இல்லாத ஏதோ ஒரு கோதுமையை ஃப்ரீசரில் வைத்தெடுத்து, அரைக் கிலோ ஒரு பெரிய பாட்டிலில் போட்டு, 200 கூன் வண்டுகளை விடுங்கள். ஒரு வாரம் கழித்துச் சலித்து எடுத்துவிடுங்கள். 27 முதல் 30 டிகிரி வெப்பத்தில் நான்கைந்து வாரத்தில் புது வண்டுகள் வரும். ஒன்றிரண்டு வார வயதுள்ளவற்றைச் சோதனைக்கு எடுக்கலாம். வயது கலந்தால் முட்டை எண்ணிக்கையும் கலந்துவிடும். கிழ வண்டுகள் நிறைய விழுந்த பாட்டில் "எதிர்ப்புள்ள ரகம்" என்று பெயர் வாங்கிக்கொள்ளும்.

ஆண், பெண் பிரிக்க ஆசைப்பட்டால் உருப்பெருக்கியில் மூக்கைப் பாருங்கள். ஆணுக்குக் குட்டையாக, தடிமனாக, சொரசொரப்பாக இருக்கும். பெண்ணுக்கு நீண்டு, மெலிந்து, வழவழவென்று இருக்கும். பத்து நிமிடத்தில் கண் பழகிவிடும். பிரிக்காமல் பாட்டிலுக்கு 20 என்று கலந்து விட்டாலும் தவறில்லை. துளைப்பானில் பிரிப்பது கடினம், அங்கே கலந்தே விடுங்கள்.

பாட்டில் ஏற்றும் நாள்

ஒரு ரகத்துக்கு ஐந்து பாட்டில். ஒவ்வொன்றிலும் 100 கிராம் கோதுமை. நான்கில் 20 வண்டு, ஐந்தாவதில் ஒன்றும் விடாதீர்கள். அந்தக் காலிப் பாட்டிலில் பிறகு வண்டு வந்தால் உங்கள் ஃப்ரீசர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம், முழுச் சோதனையும் சந்தேகம்தான்.

வாயை மெல்லிய வேட்டித் துணியால் இரண்டு மடிப்பாக மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள். கூன் வண்டு கண்ணாடியில் சர்வசாதாரணமாக ஏறும், அதனால் துணியில் இடுக்கு இருக்கக் கூடாது. துளைப்பானால் சுத்தமான கண்ணாடியில் ஏற முடியாது. ஆனால் பிளாஸ்டிக்கைக் கூடத் துளைத்துவிடும், பிளாஸ்டிக் டப்பாவில் அதைச் சோதிக்காதீர்கள்.

பாட்டிலில் ரகப் பெயரை எழுதாமல் எண் மட்டும் எழுதுங்கள். எந்த எண் எந்த ரகம் என்பது வேறொருவரிடம் இருக்கட்டும். நமக்குப் பிடித்த ரகம் என்றால் எண்ணும்போது கை கொஞ்சம் தாராளமாகிவிடும், இது மனித சுபாவம். பாட்டில்களைக் கலைத்து அடுக்கி, வாரம் ஒருமுறை இடம் மாற்றுங்கள். அலமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவதும் முக்கியம். எறும்பு ஒருமுறை உள்ளே புகுந்தால் அதற்கு எல்லா ரகமும் ஒன்றுதான்.

பல ரகங்களை ஒரு தட்டில் வட்டமாக வைத்து நடுவில் வண்டை விட்டு, எதை நோக்கிப் போகிறது என்று பார்க்கும் இன்னொரு முறையும் உண்டு. வேடிக்கையாக இருக்கும். ஆனால் கட்டிய மூட்டைக்குள் இருக்கும் வண்டுக்குத் தேர்வு என்று ஒன்று கிடையாது. கிடைத்ததைத்தான் தின்றாக வேண்டும். அதனால் தனிப் பாட்டில் முடிவைத்தான் நம்புங்கள்.

ஏழாம் நாள்

ஏழு நாள் முட்டையிட விட்டு, எல்லா வண்டையும் சலித்து எடுத்து எண்ணுங்கள். 20-ம் வர வேண்டும். எத்தனை செத்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு கோதுமையைத் திரும்பப் பாட்டிலில் போடுங்கள்.

இங்கே என் கதை ஒன்று. முதன்முதலில் துளைப்பானை வைத்துச் சோதித்தபோது ஏழாம் நாள் வெகு சுத்தமாகச் சலித்து, சல்லடைக்குக் கீழே விழுந்த தூசியைக் குப்பையில் கொட்டிவிட்டேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் எல்லா ரகத்திலும் நாலைந்து வண்டுதான். அத்தனையும் அபார எதிர்ப்புத்திறன்! இரண்டு நாள் ஆகாயத்தில் மிதந்தேன். துளைப்பான் முட்டையை வெளியே இடும் என்பதும், நான் கொட்டிய தூசியில்தான் முட்டைகள் இருந்தன என்பதும் அப்புறம்தான் உறைத்தது. துளைப்பான் என்றால் தூசியும் பாட்டிலுக்குள் திரும்பப் போக வேண்டும்.

எண்ணும் காலம்

மூன்று வாரம் கடந்ததும் தினமும், குறைந்தது ஒருநாள் விட்டு ஒருநாள், பாருங்கள். வெளிவந்த புது வண்டை எண்ணி, தேதியோடு எழுதி, அகற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் அவை முட்டையிட்டுக் கணக்கைக் குழப்பும். எட்டு வாரத்தில் முடித்துக்கொள்ளலாம். தாங்கும் ரகத்தில் வண்டு குறைவாக வருவதோடு தாமதமாகவும் வரும். இந்தத் தாமதமும் எண்ணிக்கைக்குச் சமமான தகவல். தேதி எழுதாதவர்களுக்குப் பாதி விடை போய்விடும்.

எண்ணிக்கையையும் தாமதத்தையும் ஒரே எண்ணில் அடக்க டாபி என்ற ஆய்வாளர் 1970களில் மக்காச்சோளத்துக்காக ஒரு குறியீடு வகுத்தார். வெளிவந்த மொத்த வண்டின் இயற்கை மடக்கையை எடுத்து (கால்குலேட்டரில் 'எல்என்' பொத்தான்), 100-ஆல் பெருக்கி, வளர்ச்சி நாட்களால் வகுக்க வேண்டும். வளர்ச்சி நாள் என்பது முட்டையிட்ட வாரத்தின் நடுநாளிலிருந்து, பாதி வண்டு வெளிவந்த நாள்வரை. உதாரணமாக ஒரு பாட்டிலில் 148 வண்டு, 34 நாள் என்றால் குறியீடு 14.7. இன்னொன்றில் 12 வண்டு, 42 நாள் என்றால் 5.9. வழக்கமான அளவுகோலில் 3 வரை எதிர்ப்புள்ளது, 4 முதல் 7 வரை ஓரளவு எதிர்ப்புள்ளது, 8 முதல் 10 வரை எளிதில் வண்டு பிடிப்பது, 11-ம் அதற்கு மேலும் மிக எளிதில் பிடிப்பது. ஆனால் எத்தனை வண்டு விட்டோம் என்பதைப் பொறுத்தே இந்த எண் மாறும். அதனால் உங்கள் பாட்டில்களுக்குள் ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள், வேறொருவர் எண்ணோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

எடை இழப்பு

மில்காரருக்குக் குறியீட்டைவிட இதுதான் புரியும். பாட்டிலிலிருந்து 500 மணி எடுத்து, துளை உள்ளதையும் இல்லாததையும் பிரித்துத் தனித்தனியாக எடை போடுங்கள். உதாரணமாக நல்ல மணி 450, எடை 18 கிராம், அதாவது மணிக்கு 40 மில்லிகிராம். துளைத்த மணி 50, எடை 1.5 கிராம், மணிக்கு 30 மில்லிகிராம். துளைத்த ஒவ்வொரு மணியும் கால் பங்கு இழந்திருக்கிறது, துளைத்தவை மொத்தத்தில் பத்தில் ஒன்று. ஆக இழப்பு 2.5 சதவீதம். விதைக் கோதுமை என்றால் இதோடு 100 மணியை ஈரத் துணியில் சுற்றி முளைப்பும் பாருங்கள். எடை அதிகம் குறையாமலே முளைப்பு படுத்துவிடுவதும் உண்டு.

முடிவை எப்படிப் படிப்பது

ஒரே ரகத்தின் நான்கு பாட்டில்கள் தங்களுக்குள் 20, 90, 35, 110 என்று அலைந்தால் ரகங்களை ஒப்பிட அவசரப்படாதீர்கள், சோதனையில் ஏதோ பிசகு. நான்கும் அருகருகே இருந்து, அடுத்த ரகத்தின் நான்கும் தெளிவாக விலகி நின்றால் அதை வித்தியாசம் என்று சொல்லலாம்.

கடினமான மணியைப் பல்லால் கடித்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஆனால் கடினம் மட்டுமே காரணமல்ல. மணியின் அளவு, தோலின் தன்மை, வண்டின் செரிமானத்தைத் தடுக்கும் சில புரதங்கள் எனப் பலதும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. கடித்துப் பார்த்தே ரகம் தேர்ந்தெடுத்துவிடலாம் என்று நினைத்தால், துளைப்பான் வைத்துச் செய்யும் சோதனையில் மூக்கு உடையும்.

தாங்கும் ரகம் கிடைத்துவிட்டது என்பதற்காக ஈரக் கோதுமையைப் பழைய சாக்கில் கொட்டி வைக்கலாம் என்றும் இல்லை. 12 சதவீதத்துக்குக் கீழே காய வைப்பது, உடைசலை நீக்குவது, சாக்கை வெயிலில் உதறுவது, காற்றுப் புகாத பையில் கட்டுவது எல்லாம் அப்படியே தொடர வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய துளையிட்ட குழாய்ப் பொறியை மூட்டைக்குள் செருகி வைத்தால் வண்டு வந்திருக்கிறதா என்று முன்கூட்டியே தெரியும். வீட்டிலோ மில்லிலோ அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை போடும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வரும் வாயு மனிதர்களையும் கொல்லும், பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே தொட வேண்டிய சரக்கு அது.

எல்லாம் முடிந்ததும் பாட்டில்களை அப்படியே குப்பையில் கொட்டிவிடாதீர்கள். துளைப்பான் நன்றாகப் பறக்கும், நேரே சமையலறைக்கு வந்துவிடும். மூடியோடு ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து, பிறகு கோழிக்குப் போடுங்கள்.